பழம் நீ: கோயில் வகுப்பில் குழந்தைகளின் மனத்தை நிறைப்பது எப்படி

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு தொடங்கிய முதல் வருடமே ஒப்புவித்தல் போட்டி வைத்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு பாட்டைக் கணீரென்று பாடிவிட்டு, மூன்றாவதில் அடி மறந்து நின்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இறங்கி ஓடிப்போய் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் போனதும் அவன் கேட்டது இதுதான்: "டீச்சர், சாமிக்கு என் மேல கோபமா?" அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவனுக்குப் பாட்டும் பண்ணும் சொல்லித் தந்திருந்தேன். அந்தச் சந்நிதியில் அவன் யார், தப்பாகப் பாடினாலும் அவனுக்கு அங்கே என்ன இடம் என்பதைச் சொல்லித் தரவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வகுப்பை அடியோடு மாற்றினேன்.

கோயிலிலோ, பஜனை மடத்திலோ, வீட்டு மொட்டை மாடியிலோ ஏழிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த நினைப்பவர்களுக்காக, நான் செய்து பார்த்த வழியை வரிசையாக எழுதுகிறேன். நான் சைவ மரபில் வளர்ந்தவள் என்பதால் பாட்டும் கதையும் அங்கிருந்தே வருகின்றன. பெருமாள் கோயிலிலோ அம்மன் கோயிலிலோ நடத்துகிறவர்கள் உங்கள் பாட்டையும் கதையையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: "சாமி கண்ணைக் குத்தும்" என்பதை நிறுத்துங்கள்

நாம் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சாப்பாட்டைக் கொட்டினால் குத்தும். அம்மாவை எதிர்த்துப் பேசினால் குத்தும். பெரியவர்களுக்கு அது வேகமாகக் காரியம் முடிக்கும் வாக்கியம். ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது கடவுளைப் பற்றிக் கிடைக்கும் முதல் செய்தி. ஒளிந்து நின்று தப்பை எண்ணுகிற ஒருவர் முன்னால் எந்தப் பிள்ளையாலும் இயல்பாக உட்கார முடியாது. கை கூப்பும், கண் மூடும், உள்ளே மட்டும் உடம்பு விறைத்திருக்கும்.

வகுப்புக்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் பேச்சை நீங்களே கவனியுங்கள். கடவுளின் பெயரால் பயமுறுத்தும் வாக்கியம் எத்தனை முறை வாயில் வருகிறது என்று பாருங்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது. விட மூன்று மாதம் ஆனது. அதற்குப் பதில் என்ன சொல்வது? நேரடியாகக் காரணத்தைச் சொன்னால் போதும். "சாதத்தைக் கொட்டாதே, சமைத்தவர் கை வலிக்கும்." "பொய் சொன்னால் அடுத்த முறை நீ நிஜத்தைச் சொல்லும்போதும் நம்ப முடியாமல் போகும்." இதில் சாமியை இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாம் படி: பெற்றோரை ஒருநாள் உட்கார வையுங்கள்

பிள்ளை உங்களிடம் இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீடு. பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளாமல் இந்த வேலை நடக்காது. வகுப்பு தொடங்கும் முன் அவர்களை ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

நான் அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன். ஒன்று, வகுப்பு முடிந்ததும் "எத்தனை பாட்டு மனப்பாடம் ஆச்சு?" என்று கேட்க வேண்டாம். இரண்டு, "அந்தப் பிள்ளை எவ்வளவு நல்லாப் பாடுது பாரு" என்ற ஒப்பீடு வேண்டாம். மூன்று, "இருந்தாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." "படிப்பு சுமாரா இருந்தாலும் தங்கமான பையன்." பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறோம். பிள்ளையின் காதில் விழுவது அந்த "இருந்தாலும்" மட்டும்தான். தன்னிடம் ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதை மற்றவர்கள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று அது புரிந்துகொள்ளும்.

மூன்றாவதைச் சொல்லும்போது மண்டபம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். சில அம்மாக்கள் தலை குனிவார்கள். அவர்களில் பலருக்கும் சிறுவயதில் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

எட்டிலிருந்து பதினைந்து பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க முடியாது. ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். வரிசையில் உட்கார வைக்காமல் வட்டமாக உட்கார வையுங்கள். முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேச்சே எழாது. நட்சத்திரம் ஒட்டும் அட்டை, முதல் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் வேண்டாம். சுண்டல் எல்லோருக்கும் ஒரே அளவு. தாமதமாக வந்தவனுக்கும், பாடாமல் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதே கைப்பிடி. பிரசாதம் யாருடைய திறமையையும் பார்த்துத் தரப்படுவதில்லை என்பதைப் பிள்ளைகள் வாரா வாரம் கையிலேயே வாங்கிப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பத்து, பதினொரு வயதில் சில பெண் பிள்ளைகள் பெரியவளாகிவிடுகிறார்கள். அதன்பின் மாதத்தில் ஒரு வாரம் கோயிலுக்குள் வரக்கூடாது என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தன் உடம்பை ஏற்றுக்கொள்ளச் சொல்லித் தரும் வகுப்பிலிருந்து, உடம்பு வளர்ந்ததற்காகவே ஒரு பெண்ணை வெளியே நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. வீட்டாரோடு சண்டை போட்டால் அந்தப் பெண்ணை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். அதனால் வகுப்பையே கோயில் வாசலுக்கு எதிரில் உள்ள திண்ணைக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது எல்லா வாரமும் எல்லோரும் வருகிறார்கள். யார் எதற்காக வரவில்லை என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள் செய்ய வேண்டியதை மட்டும் சில வாரங்களில் தனியாக வைத்துக்கொள்கிறோம்.

நான்காம் படி: மணி ஓசையில் தொடங்குங்கள்

"கண்ணை மூடு, மனசை ஒருமுகப்படுத்து" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. கண்ணை மூடியதும் பக்கத்துப் பையன் கிள்ளுவான். அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். நான் பூஜை மணியை ஒரே ஒரு முறை அடிப்பேன். ஓசை முழுவதும் அடங்கியது என்று தோன்றும்போது கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் மூன்று விநாடியில் எல்லாக் கையும் தூக்கிவிடும். நாலைந்து வாரத்தில் கடைசி ரீங்காரம் வரைக்கும் காத்திருப்பார்கள். யார் கை கடைசியாகத் தூக்கியது என்று எண்ணாதீர்கள். எண்ணினால் அதுவும் போட்டியாகிவிடும்.

அடிப்பிரதட்சிணமும் அருமையான பயிற்சி. ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி அடி மேல் அடி வைத்துப் பிரகாரத்தை ஒரு சுற்று. ஓடியே பழகிய பையன்கள் முதலில் தள்ளாடுவார்கள். பாதி தூரத்தில் தானாகவே மூச்சு சீராகும். வெயில் ஏறும் முன் செய்யுங்கள், கல் சுடும்.

ஐந்தாம் படி: கதைகளைத் தேர்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள்

வகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. நான் முதலில் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த மாம்பழக் கதை. உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்றார்கள். முருகன் மயிலேறிப் பறந்தார், பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டார். பெரும்பாலும் இங்கேயே கதையை முடித்து "பார், பிள்ளையாருக்கு எவ்வளவு புத்தி!" என்று சொல்லிவிடுகிறோம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது பிடிக்கும். தோற்றே பழகிய பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

நான் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்பேன்: "திரும்பி வந்தப்ப முருகனுக்கு எப்படி இருந்திருக்கும்?" பிள்ளைகள் கொட்டித் தீர்ப்பார்கள். "ஏமாத்திட்டாங்கன்னு தோணியிருக்கும்." "கால் வலிச்சிருக்கும்." "எங்க அண்ணனும் இப்படித்தான் செய்வான்." நான் எதையும் திருத்த மாட்டேன். அப்புறம் மீதிக் கதை. முருகன் கோபித்துக்கொண்டு ஆண்டியாகி மலைமேல் போய் நின்றுவிட்டார். அம்மையப்பர் அவரைத் தேடிக்கொண்டு போய் என்ன சொன்னார்கள்? "பழம் எதற்கப்பா உனக்கு? பழமே நீதானே!" பழம் நீ என்பதே பழனி ஆயிற்று என்று ஊரில் பெயர்க்காரணம் சொல்வார்கள். ஆவினன்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர்.

கவனியுங்கள், அந்தச் சொல் முருகன் தோற்ற பிறகு சொல்லப்பட்டது. ஜெயித்திருந்தால் ஒரு பழம் கிடைத்திருக்கும். தோற்று, கோபித்து, தனியாகப் போய் நின்ற பிள்ளையிடம் "நீயே பழம்" என்றார்கள். அவர் கோபம் தணியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை; மலைக்கே போனார்கள். இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருந்தும் இந்த இடம் என் மனத்தில் உறைக்க ஒரு பையன் வகுப்பை விட்டுப் போக வேண்டியிருந்தது.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் சொன்னேன். "உனக்குப் பாட்டு மறந்துச்சு. சாமிக்கு உன்னை மறக்கல. நானும் மறக்கல" என்றேன். உடனே ஓடி வந்துவிடவில்லை. ஒன்றரை மாதம் கழித்து வாசல் தூணருகில் வந்து நின்றான். இப்போது மணி அடிப்பது அவன் வேலை.

இந்தக் கதைக்குப் பிறகு அந்த வாரம் வேறெதுவும் வேண்டாம். பிள்ளைகள் ஒருவர் நெற்றியில் ஒருவர் திருநீறு இட்டு "பழம் நீ" என்று சொல்லட்டும். சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள். பரவாயில்லை.

அடுத்து கண்ணப்பர். காளத்தியில் பச்சிலையும் பூவும் கொண்டு முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் ஒருபுறம். வாயில் தண்ணீரும், தலையில் செருகிய பூவும், தின்று பார்த்து ருசி கண்ட இறைச்சியும் கொண்டுவரும் வேடரான கண்ணப்பர் மறுபுறம். இருவருடைய பூசையும் ஏற்கப்பட்டது. உனக்குத் தெரிந்த விதத்தில், உன்னிடம் இருப்பதைக் கொண்டு வா என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காரைக்கால் அம்மையாரைப் பற்றிப் பேசுங்கள். புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அவர், அழகை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். தம் பாட்டில் தம்மைக் "காரைக்கால் பேய்" என்றே சொல்லிக்கொள்கிறார். ஊர் கண்டு ஓடிய அந்த உருவத்தைத்தான் கயிலையில் சிவன் "அம்மையே" என்று அழைத்தார். கதை முடிந்ததும் கோயிலுக்குள் அழைத்துப்போய் அறுபத்துமூன்று நாயன்மார் சிலைகளின் வரிசையைக் காட்டுங்கள். மற்றவர்கள் நிற்க, ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் முன்னால் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சுந்தரர் கதை கோபத்துக்கு. பார்வை போன பிறகு அவர் திருவாரூரில் பாடிய பதிகம் கெஞ்சல் மாதிரி இல்லை, சண்டை மாதிரி இருக்கும். அடியார்கள் துன்பத்தைச் சொன்னாலும் நீர் சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்கிறார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று நாம் கோபத்தில் சொல்கிறோமே, அதே தொனி. அவரைத்தான் தம்பிரான் தோழர், அதாவது இறைவனின் தோழர், என்கிறோம். அந்தச் சண்டையும் ஏழாம் திருமுறையில் தேவாரமாகவே இருக்கிறது. சாமி மேல் கோபம் வந்தால் பாவம் என்று நினைத்து அழுத்தி வைத்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. தாத்தாவைப் பறிகொடுத்த ஒரு சிறுமி இந்தக் கதைக்குப் பிறகுதான் முதல்முறையாக வகுப்பில் அழுதாள்.

சில கதைகளை எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். தீண்டாமையால் கோயிலுக்குள் விடப்படாத திருநாளைப்போவார் (நந்தனார்) கதையில் திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்ட இடம் வரை பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தீயில் இறங்கித் தூய்மை பெற்றார் என்ற பகுதியைச் சிறு பிள்ளைகளிடம் நான் எடுப்பதில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்த குழந்தை ஒன்று வட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால், தன்னிடம் கழுவ வேண்டிய அழுக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அழுக்கு அவரை உள்ளே விடாத மனிதர்களிடம் இருந்தது என்று பெரிய பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். அதேபோல் திருவாரூரில் கண் தெரியாமலே கயிறு கட்டி, அதைத் தடவிப் பிடித்துக் குளம் தோண்டிய தண்டியடிகளின் கதையில் அவர் பார்வை பெற்றதைவிடக் குளம் தோண்டியதில்தான் நேரம் செலவிட வேண்டும். கண்ணாடி போட்ட, காது கேட்காத, கால் தாங்கி நடக்கிற பிள்ளை உங்கள் முன்னால் இருக்கலாம். "வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சரியாகாதபோது தன் பக்திதான் போதவில்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கும்.

ஆறாம் படி: உடம்பைப் பற்றிப் பேசுங்கள்

பிள்ளைகள் ஒருவரையொருவர் குத்துவது பெரும்பாலும் உடம்பை வைத்துத்தான். குண்டு, குச்சி, கறுப்பி, பல்லன், நெட்டை. பெரியவர்களிடம் கற்றதுதான் எல்லாம்.

திருமூலரின் நான்கு அடியை நான் மனப்பாடம் செய்ய வைப்பேன்.

உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்
உடம்பினுக்கு உள்ளே உறுபொருள் கண்டேன்
உடம்புளே உத்தமன் கோயில்கொண்டான் என்று
உடம்பினை யான்இருந்து ஓம்புகின்றேனே

பிள்ளைகளுக்கு முக்கியமான அடி முதல் அடி. உடம்பைக் குறையாக நினைத்ததுண்டு என்று திருமூலரே ஒப்புக்கொள்கிறார். அவருக்கே அப்படித் தோன்றியிருந்தால் நமக்குத் தோன்றுவதில் வெட்கம் என்ன? அப்புறம் அவர் எண்ணம் மாறியது. மாறியதும் என்ன செய்தார்? ஓம்பினார், அதாவது பேணிக் காத்தார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, நகம் வெட்டுவது, நேரத்தில் தூங்குவது எல்லாம் இந்தக் கோயிலுக்குச் செய்யும் திருப்பணி என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

நிறத்தைப் பற்றிய பேச்சு வந்தால் கருவறைக்கு முன்னால் போய் நில்லுங்கள். மூலவர் கருங்கல். அபிஷேகம் முடிந்து எண்ணெய் பளபளப்போடு தீபாராதனை காட்டும்போது ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். "சாமி என்ன நிறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

கண்ணாடிப் பயிற்சி ஒன்று செய்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் சாமிதோப்பில் அய்யா வைகுண்டரின் பதி என்னும் வழிபாட்டுத் தலத்தின் கருவறையில் கண்ணாடி இருக்கிறது. கும்பிட வருகிறவர் தன்னையே அங்கே காண்கிறார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட மக்களை, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வணங்கச் சொன்ன இடம் அது. வள்ளலாரும் சென்னையில் சிறுவனாக இருந்தபோது அறையில் கண்ணாடி வைத்து விளக்கேற்றித் தியானித்ததாகவும், அதில் தணிகை முருகனைக் கண்டதாகவும் அவர் வரலாற்றில் சொல்வார்கள். இவற்றைச் சொல்லிவிட்டு, பூப்போட்ட தட்டில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து அகல் ஏற்றி, ஒவ்வொருவராக வந்து பார்க்க விடுங்கள். "நான் அழகு" என்று சொல்லச் சொல்லாதீர்கள். அந்த வயதில் அதைச் சொல்லவே பலருக்குத் தொண்டை அடைக்கும். சும்மா பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போகட்டும். பார்க்க மறுத்துத் தலை குனியும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்தப் பிள்ளையை வரும் வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஏழாம் படி: மகிழ்ச்சியைப் பற்றிய பயத்தை எடுங்கள்

"ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழணும்." நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். மகிழ்ச்சியைக் காட்டினால் கண்பட்டுவிடும் என்பதும் அப்படித்தான். சிரிப்புக்குப் பின்னால் தண்டனை காத்திருக்கிறது என்று நம்பும் குழந்தை, சந்தோஷமாக இருக்கும்போதே பயந்துகொண்டிருக்கும்.

இதற்கு மருந்து தோப்புக்கரணக் கதை. திருமாலின் சக்கரத்தைப் பிள்ளையார் விளையாட்டாக வாயில் போட்டுக்கொண்டார். கேட்டால் தரவில்லை. திருமால் இரண்டு காதையும் மாற்றிப் பிடித்து உட்கார்ந்து எழ, பிள்ளையார் விழுந்து விழுந்து சிரித்தார், சக்கரம் வெளியே விழுந்தது. சாமியைச் சிரிக்க வைக்கப் பிறந்த வழிபாட்டைத்தான் பள்ளிக்கூடத்தில் தண்டனையாக்கிவிட்டோம். உங்கள் வகுப்பில் அதைத் தண்டனையாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிள்ளையார் முன்னால் எல்லோரும் சேர்ந்து, நீங்களும் சேர்ந்து, சிரித்துக்கொண்டே பத்து தோப்புக்கரணம் போடுங்கள்.

அமைதியான மகிழ்ச்சிக்கு அப்பரின் "மாசில் வீணையும்" பாட்டு. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைக்கப்பட்டபோது பாடியது என்பது வரலாறு. அந்தச் சூட்டில் அவர் எண்ணிப் பார்த்தவை: வீணை ஒலி, மாலை நிலா, வீசுகிற தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. ஐந்தும் காசு கொடுத்து வாங்காதவை, ஜெயித்து வாங்காதவை. ஈசன் அடி நிழல் இப்படி இருக்கும் என்கிறார். பாடிவிட்டு, பிள்ளைகளை அவரவர் ஐந்தை எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்தவற்றில் சில: ஆட்டுக்குட்டியின் காது, மழை விட்டதும் தகரக் கூரையில் சொட்டும் சத்தம், அப்பா வேலை முடிந்து வரும் வண்டிச் சத்தம், சூடான இட்லியின் ஆவி. அந்தத் தாளை மடித்துப் புத்தகப் பையில் வைத்துக்கொள்ளட்டும். பரீட்சை நாளில் எடுத்துப் பார்க்கலாம். சோகமாக இருக்கும் பிள்ளையிடம் "உன் அஞ்சை நினைச்சுக்கோ, சரியாகிடும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். முதலில் அழட்டும்.

எட்டாம் படி: தப்பு செய்தால்?

"தன்னை ஏற்றுக்கொள் என்று சொன்னால் 'நான் இப்படித்தான்' என்று திமிராகப் பேச மாட்டானா?" எல்லாப் பெற்றோரும் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடித்தவன் அடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், அடிபட்டவனிடம் போய்ச் சொல்ல வேண்டும், உடைத்ததைச் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் "நீ கெட்டவன்" என்ற சொல் வேண்டாம். "நீ செய்தது அவனுக்கு வலித்தது" என்றால் அவன் செய்ததைப் பற்றிப் பேசுகிறோம்; "கெட்டவன்" என்றால் அவனையே தள்ளிவிடுகிறோம். தள்ளப்பட்ட பிள்ளை தப்பை மறைக்கத்தான் கற்றுக்கொள்கிறது. தனக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் தைரியமாக "நான்தான் செஞ்சேன் டீச்சர்" என்கிறது. அன்றைக்கும் சுண்டலில் ஒரு கைப்பிடி குறையக்கூடாது.

வகுப்பால் முடியாதவை

சில பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் போதாது. இரண்டு, மூன்று வாரமாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருந்தாலோ, "நான் செத்துப்போயிட்டா நல்லாருக்கும்" என்பது போல ஒரு வார்த்தை சொன்னாலோ, பரிகாரம் தேடிப் போகாமல் பெற்றோரிடம் பேசி உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். யாராவது அடிக்கிறார்கள், தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். "சாமி பார்த்துக்குவார்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். இந்தியா முழுவதும் இலவசம். வகுப்பு நடத்துகிற நாமும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பேச வேண்டியதை மற்றவர் பார்வையில் படும் இடத்தில் பேசுங்கள்.

கடைசி நான்கு வாரம்: மனக்கோயில்

பன்னிரண்டு வாரம் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், கடைசி நான்கை நான் திருநின்றவூர்ப் பூசலாருக்கு ஒதுக்குகிறேன். கோயில் கட்ட ஆசைப்பட்டார், கையில் பணம் இல்லை. மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அடிக்கல் நாட்டி, விமானம் எழுப்பி, கிணறு தோண்டி, மதில் கட்டி, குளம் வெட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு குறிக்கப்பட்டிருந்தது. நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்று சிவன் மன்னனின் கனவில் சொல்லிவிட்டார். மன்னன் திருநின்றவூர் வந்து கோயில் எங்கே என்று தேடினான். பூசலார் நெஞ்சைத் தவிர அது எங்கேயும் இல்லை.

முதல் வாரம் கதை மட்டும். இரண்டாம் வாரம் மணி ஓசை அடங்கியதும் கண் மூடி இடம் தேர்ந்து அஸ்திவாரம் போடட்டும். மூன்றாம் வாரம் மதில், குளம், மரம், வாசல். அவசரமே வேண்டாம், பூசலாருக்கும் நாளானது. ஒவ்வொரு வாரமும் மூன்று நிமிடத்துக்கு மேல் கண்மூட வைக்காதீர்கள். வரைய விரும்பினால் வரையலாம். வரைந்ததை யாரும் மதிப்பிட வேண்டாம்.

நான்காம் வாரம் பெற்றோரை வரச் சொல்லுங்கள். இந்த முறை பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை அப்பாவின் அல்லது அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மனக்கோயிலுக்குள் அழைத்துப் போகும். இது வாசல், இங்கே செருப்பை விடுங்க, இங்கே படி இருக்கு, பார்த்து வாங்க என்று. நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். போன முறை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் பாட்டியை அழைத்து வந்திருந்தாள். அவள் கோயிலில் படியே கிடையாதாம். "உனக்கு முட்டி வலிக்கும்ல பாட்டி, அதான் வாசல்லயிருந்து சாமி வரைக்கும் தரையை ஒரே சமமா கட்டிட்டேன்" என்றாள்.